மூன்று பட்டைப் படைப்பிரிவு

உங்களுக்குப் பழைய ராணுவ மோட்டார் சைக்கிள்களைப் பற்றி ஏதாவது தெரியுமா சார்? தெரியாதா? நல்லது. எனக்கும் போன வருடம் வரை தெரியாது. இந்த வருடம் நான் நிபுணர். நம்பிக்கை இல்லையென்றால் கழுத்தில் தொங்குகிற இந்த அட்டையைப் பாருங்கள். ஆ. பூவரசன், எம்.ஏ., எம்.ஃபில்., மியூசியக் காப்பாளர். படத்தில் கொஞ்சம் பயந்த மாதிரி இருப்பேன். படம் எடுத்தவர் மேல் தப்பில்லை.

நான் பேசுவது பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறதா? அம்மாவும் அதைத்தான் சொல்வாள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்டினேன் என்பதற்கு அத்தாட்சியாக இப்படிப் பேச வேண்டியிருக்கிறது.

இப்போது எங்கள் சேர்மனைப் பார்க்கத்தான் போகிறேன். அவரிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். இன்றைக்கே சொல்லியாக வேண்டும். சொன்னால் அநேகமாக இந்த அட்டை போய்விடும். அதற்கு முன்னால் யாரிடமாவது ஒரு தடவை முழுசாகச் சொல்லிப் பார்த்தால் தேவலை. உங்களுக்குத் தூக்கம் ஏதும் வரவில்லையே?

சேர்மன் பெயர் நஞ்சப்பன். பம்ப்செட் கம்பெனி வைத்திருக்கிறார். கோயமுத்தூரில் சம்பாதித்தவர்களுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இரண்டில் ஒன்று வரும் சார், சர்க்கரை அல்லது வின்டேஜ் வண்டி. இவருக்கு இரண்டும் வந்தது. காங்கேயம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளைப் பிடித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவ ரகம். இன்ஜினைச் சரிசெய்ய ஒரு மெக்கானிக், சீட்டைத் தைக்க ஒரு ஆள், சரித்திரத்தைச் சரிசெய்ய நான்.

நேர்முகத் தேர்வில் நான் எதையும் மறைக்கவில்லை. என் எம்.ஃபில். ஆய்வு சேலம் ஜில்லாவின் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றியது என்று சொன்னேன். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பதையும் சொன்னேன்.

"பரவால்லீங் தம்பி. பஞ்சத்துக்கு அடுத்தது யுத்தந்தானுங்களே?" என்றார் சேர்மன்.

உலக சரித்திரத்தை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. வேலையில் சேர்ந்துவிட்டேன்.

போர்க்கால வண்டிக்கு வெறும் பச்சை பெயின்ட் அடித்தால் போதாது சார். பெட்ரோல் டேங்கில் ராணுவ எண் வேண்டும். முன் மட்கார்டில், வண்டி எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்ததோ அதன் சின்னம் வேண்டும். ஒரு பிரிவுக்கு மிருகம், ஒரு பிரிவுக்குக் கத்தி, ஒரு பிரிவுக்கு வெறும் கட்டமும் கோடும். தப்பான சின்னம் போட்டால் கண்காட்சி நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். அந்த நடுவர்கள் கொட்டகைக்குள்ளும் தொப்பியைக் கழற்றாதவர்கள். குறைக்கத்தான் செய்வார்கள்.

"புலி போட்டுறலாமுங்களா? வாயத் தொறந்தாப்ல?" என்று சேர்மன் கேட்டார்.

"ஆதாரம் வேண்டுமேங்கய்யா."

"புலிக்கு என்னத்துக்குங் தம்பி ஆதாரம்?"

நான் விடவில்லை. வண்டியிலேயே பழைய பெயின்ட்டுக்கு அடியில் பழைய சின்னம் இருக்கலாம், மெதுவாகத் தேய்த்தால் ஒவ்வொரு அடுக்காக வரும் என்று எங்கோ படித்திருந்தேன். உக்கடத்தில் கலீல் பாய் என்று ஒரு பெயின்டர். அவருடைய பட்டறையில் ஒரு வாரம் உட்கார்ந்து, தண்ணீர் விட்டு, உப்புத்தாளால் முன் மட்கார்டைத் தேய்த்தேன். மேலே நீலம். நீலத்துக்கு அடியில் கறுப்பு. அந்தக் கறுப்பின் மேல், ஆறாம் நாள் காலையில், ஒரு சின்னம் தெரிந்தது.

படுக்கைவாட்டில் மூன்று வெள்ளைப் பட்டைகள். நடுவில் ஒரு சிவப்பு வட்டம்.

சிரிக்காதீர்கள் சார். நீங்கள் இப்போது பஸ்ஸில் உட்கார்ந்து கேட்கிறீர்கள். நான் அப்போது ஆராய்ச்சியில் இருந்தேன்.

கலீல் பாய் பார்த்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். நான் அளவுகோலை எடுத்துப் பட்டைகளின் அகலத்தை அளந்தேன், இடைவெளியை அளந்தேன், வட்டத்தின் விட்டத்தை மூன்று தடவை அளந்து சராசரி எடுத்தேன். போட்டோ எடுத்தேன். சேர்மனுக்குப் போன் செய்தேன்.

அரை மணி நேரத்தில் வந்தார். குளித்து, பூஜை முடித்து, நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதியும் நடுவில் குங்குமமுமாக வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மட்கார்டின் மேல் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத நான் எங்கியோ பாத்திருக்கறனுங் தம்பி," என்றார்.

"ஏதாவது ராணுவப் புத்தகத்திலா ஐயா?"

"அப்பிடித்தான் இருக்கோணும்."

பிறகு அவருக்கு ஒரு கவலை வந்தது. "இது ஒண்ணும் கச்சிச் சின்னம் இல்லீங்களே? கண்காட்சிக்குக் கலெக்டர் வாராரு."

இல்லை என்று உறுதி சொன்னேன். எல்லாக் கட்சிகளின் சின்னங்களையும் பட்டியல் எடுத்துப் பார்த்தே சொன்னேன். நான் எதையும் சரிபார்க்காமல் சொல்வதில்லை.

அடுத்த இரண்டு மாதம் சார், நான் தூங்கவில்லை. இருக்கிற படைப்பிரிவுச் சின்னங்களை எல்லாம் புரட்டினேன். மூன்று பட்டை எதிலும் இல்லை. வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களுக்கு எழுதினேன். மிகவும் மரியாதையாக, தங்களுக்குத் தெரியவில்லை என்று பதில் போட்டார்கள். கடைசியில் இங்கிலாந்தில் ஹார்லண்ட் என்று ஒருவர். முப்பது வருடமாக இந்தியப் படைகளின் சின்னங்களைத் தொகுத்து வருகிறவர். அவர் என் படத்தைப் பார்த்துவிட்டு, இது 'இதுவரை பதிவாகாத சின்னம்' என்று எழுதினார்.

நீங்கள் ஒரு மாணவனாக இருந்து பார்க்க வேண்டும் சார், அந்த வார்த்தைகள் என்ன செய்யும் என்பது தெரிவதற்கு. நான் படித்த கல்லூரியில் எங்கள் சாதனை எல்லாம், ஏற்கெனவே பதிவானதை மறுபடி ஒழுங்காக எழுதுவதுதான்.

பதினோரு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். மூன்று வெள்ளைப் பட்டைகள் பர்மாவின் மூன்று ஆறுகள்: ஐராவதி, சிந்த்வின், சிட்டாங். சிவப்பு வட்டம் ஜப்பானியச் சூரியன். மூன்று ஆறுகளைத் தாண்டி எதிரியைப் பிடிப்போம் என்று சபதம் எடுத்த, மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகிற, பெயர் தெரியாத ஒரு தூதஞ்சல் பிரிவு. 'இருக்கலாம்' என்று போட்டிருக்கிறேன். பதினோரு பக்கத்தில் முப்பத்து நான்கு 'இருக்கலாம்'. எண்ணி வைத்திருக்கிறேன். நான் எங்கேயும் அடித்துச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. சின்னம் கறுப்பின் மேல் இருந்தது என்றேன் அல்லவா? அந்தக் கறுப்புக்கும் அடியில் ராணுவப் பச்சை இருந்தது. அதாவது, ராணுவம் பச்சை அடித்திருக்கிறது, பிறகு யாரோ கறுப்பு அடித்திருக்கிறார்கள், அதற்கும் பிறகு யாரோ பட்டை போட்டிருக்கிறார்கள். இது எனக்கு முதல் வாரமே தெரியும். நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். அறிக்கையிலும் விடவில்லை. 'இரவுப் பணிக்காகக் கறுப்பு பூசப்பட்டிருக்கலாம்' என்று ஒன்பதாம் பக்கம் அடிக்குறிப்பில் இருக்கிறது. யாரும் ஒன்பதாம் பக்கம் வரை வரவில்லை என்பது என் குற்றமா?

"ஒலகத்துலயே நம்மகிட்ட மட்டுந்தான் இருக்குதுங்களா?" என்று சேர்மன் கேட்டார்.

"இப்போதைக்கு அப்படித்தான் தெரிகிறதுங்கய்யா."

"அப்பப் போடச் சொல்லுங்க. புலியெல்லாம் எல்லாரும் வெச்சிருப்பான்."

கலீல் பாய் புதுப் பச்சையின் மேல் மூன்று பட்டையும் சிவப்பு வட்டமும் எழுதினார். நான் கொடுத்த அளவு மாறாமல், மில்லிமீட்டர் சுத்தமாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "எம்.ஏ. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் கண்காட்சி. முதல் பரிசு. தொப்பிக்காரர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கர்னல். அவர் மட்கார்டு முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "எனக்கு இந்தப் பசங்களைப் பத்திக் கேள்விப்பட்ட ஞாபகம் இருக்கு," என்றார். பாருங்கள், இல்லாத பசங்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கிறார்! பத்திரிகையில் படம் வந்தது. வண்டிக்குப் பக்கத்தில் பித்தளைப் பலகை. பலகையின் கடைசி வரியில் 'ஆய்வு: ஆ. பூவரசன்'.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இருபத்திரண்டு வருடம் ஸ்பின்னிங் மில்லில் நின்று வேலை பார்த்தவள். வண்டியின் முன்னால் போய் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது சார். பலகையில் என் பெயரைப் பார்த்துத்தான் அப்படிச் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் சேர்மன் தன் வண்டிகளுக்கென்று மியூசியம் திறந்து என்னைக் காப்பாளராகப் போட்டார். அம்மாவை மில்லுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தினேன். எங்கள் தெருவில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போகிற ஒரே ஆள் நான்தான். அம்மா சில நாள் காலையில் அதைத் துணியால் துடைத்துக் கொடுப்பாள்.

அக்டோபர் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது.

கம்பெனியில் சரசக்கா என்று ஒருவர், மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிற பிரிவில் வேலை. பூஜையன்று தட்டில் விபூதி, சந்தனம், குங்குமம் எடுத்துக்கொண்டு வரிசையாகப் போடுவது அவர் பொறுப்பு. லேத்துக்குப் போட்டார், கம்ப்ரஸருக்குப் போட்டார், என் கம்ப்யூட்டருக்கும் ஸ்டேப்ளருக்கும்கூடப் போட்டார். மியூசியத்துக்குள் வந்து ஒவ்வொரு வண்டியாகப் போட்டுக்கொண்டே வந்தவர், எங்கள் ராணுவ வண்டியிடம் வந்ததும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

"அக்கா, இதை விட்டுவிட்டீர்களே," என்றேன்.

"இதுக்குத்தான் போட்டிருக்குதே கண்ணு."

"என்ன போட்டிருக்கிறது?"

"பட்டையும் பொட்டும். ஆரோ பெயின்ட்டுலயே போட்டு உட்டுருக்காங்க பாரு. நல்ல ரோசனைதான். வருசா வருசம் நமக்குக் கை நோகாது."

ஐந்தடி தள்ளி சேர்மன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றிருந்தார். நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். மட்கார்டைப் பார்த்தேன். மறுபடி நெற்றியைப் பார்த்தேன். விபூதி கொஞ்சம் வியர்வையில் கரைந்திருந்தது. மற்றபடி இடைவெளி, விகிதம், வட்டம் எல்லாம் சரியாக இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு பழைய சைக்கிள் உண்டு சார். வருடா வருடம் அதற்கு நான்தான் பட்டை போடுவேன். எம்.ஃபில். படிக்கிறபோதும் போட்டிருக்கிறேன். ஐராவதி, சிந்த்வின் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த சைக்கிள் ஞாபகம் வரவில்லை. என் படிப்புக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுமா?

கலீல் பாயிடம் போய், "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும் தம்பி. நான் எதுக்கு வாயத் தொறக்கணும்? விபூதியப் பத்தி பாய்க்கு என்ன தெரியும்னு ஒரு வார்த்தை வந்துட்டா?"

"நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் பாய்."

"நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க. அடிக்குறிப்புல போட்டிருப்பீங்க."

ஆனாலும் நான் அவசரப்பட்டு முடிவுக்கு வருகிறவன் இல்லை. சரசக்கா சொன்னார் என்பதற்காக ஒரு படைப்பிரிவைக் கலைத்துவிட முடியுமா? இரும்புக் கடைக்காரரிடம் விசாரித்து, வண்டியை விற்ற குடும்பத்தைத் தேடிக் காங்கேயம் போனேன். சிவசாமி என்று ஒருவர், டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். படத்தைக் காட்டியதும் கடையில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்.

"எங்கப்பாரு மாட்டுத் தரகருங். ராணுவ ஏலத்துல இதப் புடிச்சுப்போட்டு, பச்சை புடிக்கலேன்னு கறுப்படிச்சு, சந்தை சந்தையாப் போவாருங். ஆயுத பூசைக்கு அம்மா பட்டை போட்டு உடுவாங்க. மழை வந்தா அழிஞ்சுபோயிருமுங். அப்பறம் எங்கியாச்சும் வண்டி நின்னுபோச்சுன்னா, பட்டை அழிஞ்சதுதான் காரணம்னு ஊட்டுக்கு வந்து அம்மாளப் பேசுவாருங். ஒரு நாள் அம்மாளுக்கு ரோசம் வந்துருச்சு. கதவுக்கு வாங்குன பெயின்ட்டு டப்பாவத் தொறந்து, வெரல உட்டு, 'இனி எப்பிடி அழியுதுன்னு பாக்கறேன்'னு இழுத்துப்போட்டாங்க."

எழுபது வருடத்துக்கும் மேல் அழியவில்லை. அந்த அம்மா சொன்னதைச் செய்துவிட்டார். ஜப்பானியர்கள் மேல் எந்தக் கோபமும் இல்லை. வீட்டுக்காரர் மேல்தான்.

சிவசாமி சொன்னதை எல்லாம் எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். இப்போது உண்மை என் கையில் இருக்கிறது. எல்லா ஆதாரத்தோடும் இருக்கிறது. என் ஒரு வருட ஆராய்ச்சியில் அடிக்குறிப்பு தேவைப்படாத ஒரே தகவல் இதுதான்.

சரி, சேர்மனிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். சொல்லலாம் என்று இருந்தேன். அந்த வாரம் பார்த்து ஹார்லண்டின் மின்னஞ்சல் வந்தது. அவருடைய புத்தகம் அச்சுக்குப் போகிறது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மூன்று பட்டைச் சின்னம் வண்ணத்தில். கீழே, 'தகவல்: ஆ. பூவரசன், இந்தியா.' கோயமுத்தூர்கூட இல்லை சார், இந்தியா. நவம்பர் பதினைந்துக்குள் திருத்தம் எதுவும் வராவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருக்கிறார்.

அச்சாகிவிட்டால் அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து எங்கேயோ ஒரு நூலகத்தில், வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த ஒரு பையன் அந்தப் பக்கத்தைத் திறப்பான். என்னை மாதிரி கவனமான பையன். அச்சில் இருக்கிறதே என்று நம்புவான். நம்பி அவனும் பதினோரு பக்கம் எழுதுவான். மற்றதை எல்லாம் நான் கிண்டலாகச் சொல்லிவிடுவேன், இதை முடியவில்லை.

ஆமாம் சார், பதினைந்து. இன்றைக்குத்தான். அதனால்தான் கிளம்பினேன். முதலில் சேர்மனிடம் சொல்லிவிட்டு, அப்புறம் ஹார்லண்டுக்கு எழுதுவதுதான் முறை. சம்பளம் கொடுக்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டும் அல்லவா?

என்ன கேட்டீர்கள்? எங்கே இறங்க வேண்டுமா? கிணத்துக்கடவு. மியூசியம் மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. இது நிற்காதா? பாலத்துக்கு மேலே போகிற வண்டியா? அடடா. ஆமாம், ஏறியேவிட்டது. அதோ பாருங்கள், அந்த நீலத் தகரக் கூரைதான் எங்கள் மியூசியம். மேலிருந்து பார்த்தால் இன்னும் அழகாக இருக்கிறது.

முன் கண்ணாடியில் 'பாலம் வழி' என்று பெரிதாக எழுதியிருந்ததா? கவனிக்கவில்லை சார். கண்டக்டர் 'பொள்ளாச்சி மட்டும் ஏறு' என்று கத்தினார், உண்மைதான். எல்லோருக்கும் பொதுவாகத்தானே கத்தினார்? என்னைப் பார்த்துத் தனியாகச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் ஆகிவிட்டது. அன்றைக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ். மிகவும் பொறுமையாகக் கேட்டார். அதற்கு முந்தின வாரம் ஒரு உரக்கடைக்காரர். அவர் கடைசியில் என் தோளைத் தட்டி, "உங்கள மாதிரி நேர்மையான பசங்க இப்பல்லாம் ஏதுங்க?" என்றார்.

போனிலா? இது போனில் சொல்கிற விஷயமா சார்? மரியாதையாக நேரில் சொல்ல வேண்டியது. பொள்ளாச்சியில் இறங்கி அடுத்த வண்டி பிடித்துத் திரும்பலாம், சரிதான். அதற்குள் மூன்று மணி ஆகிவிடும், அவர் சாப்பிட்டுப் படுப்பார். சர்க்கரைக்காரரை எழுப்பி அதிர்ச்சி கொடுக்கக் கூடாது. ஹார்லண்டுக்கு மின்னஞ்சல் எழுதியே வைத்திருக்கிறேன், பாருங்கள். ஆறாவது திருத்தம். இரண்டாம் பத்தியில் ஒரு வார்த்தை மட்டும் சந்தேகமாக இருக்கிறது. சந்தேகத்தோடு ஒன்றை அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

ஒன்று மட்டும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இதுவரை யாரிடமும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் எதையாவது மறைத்தேனா? திரும்பிப் போகிற வண்டியில் பக்கத்தில் யார் உட்காருகிறார்களோ, அவரிடமும் ஒன்று விடாமல் சொல்வேன். ஜன்னலோரத்து ஆளாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். காற்று பட்டதும் பாதியிலேயே தூங்கிவிடுகிறார்கள்.